ஓட்டையைத் திருப்பிப் போட்டவர்

எனக்கு எழுத வராது. ஐந்தாவதோடு நின்றவள். வரி கோணலாகப் போகும், புள்ளி விட்டுப்போகும். நேற்று நடந்ததே இன்றைக்குப் பாதிதான் ஞாபகம் இருக்கிறது. முன்னே பின்னே வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் இருக்கிற இடத்தில் வாய் திறக்கவே கூசுகிறவள் நான். காகிதம் என் முகத்தைப் பார்க்காது என்கிற தைரியத்தில் எழுதுகிறேன்.

சிதம்பரத்தில் வண்டி ரிப்பேர் செய்கிற ஒருவரைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். அவர் பெயர் எனக்குத் தெரியாது. கேட்டதில்லை. ஷெட்டுக்காரர் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். ஒல்லியான ஆள். கண்ணாடிக்கு ஒரு பக்கம் கம்பி இல்லை, நூலால் காதில் கட்டியிருப்பார். வண்டி வந்து நின்றால் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு சுற்றிச் சுற்றி வருவார். தொட மாட்டார். தொட்டால் கை அவசரப்படும் என்பார்.

எந்த மெக்கானிக்கும் ஒரு சாமானை மாற்றுவார், வண்டி சரியாகும், கையைக் கழுவிக்கொண்டு அடுத்த வண்டிக்குப் போவார். இவர் அப்படி இல்லை. வண்டி சரியான பிறகு, கழற்றி வைத்த பழைய சாமானைத் திருப்பி மாட்டுவார். வியாதி திரும்ப வருகிறதா என்று பார்ப்பார். வந்தால்தான் நம்புவார். வரவில்லை என்றால் அந்தப் பழைய சாமான் குற்றவாளி இல்லை, வேறு எதுவோ தானாகச் சரியாகியிருக்கிறது என்று மறுபடி முதலிலிருந்து தேட ஆரம்பிப்பார். நன்றாக ஓடுகிற வண்டியைக் கெடுக்க யார் கொண்டு வந்து விடுவார்கள்? பாதிப் பேர் சண்டை போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். கிறுக்கு என்று பெயர்.

சோறு கொண்டு வருகிற அவர் மனைவி ஒருநாள் எங்களிடம் சொன்னார்: "முட்டி வலின்னு டாக்டர் மாத்திரை குடுத்தாரு. நல்லாயிடுச்சு. நல்லாத்தானே ஆச்சு, விட வேணாமா? ஒரு வாரம் முழுங்காம இருந்து வலி வருதான்னு பாக்குறாரு. ஷெட்டு வாசல்ல திருஷ்டிக்கு எலுமிச்சம்பழம் கட்டினேன். அதையும் அவுத்து வச்சுட்டு யாவாரம் கொறையுதான்னு பாத்தாரு."

"கொறைஞ்சுதா?" என்று கேட்டாள் எங்களில் ஒருத்தி.

"அந்த வாரம் மழை. அதனால கணக்குல சேராதுன்னுட்டாரு. என்னியே ஒரு மாசம் எங்க ஆத்தா வூட்டுக்கு அனுப்பிப் பாத்தாலும் பாப்பாரு இந்த மனுசன்."

வண்டிக்கு அடியிலிருந்து அவர் குரல் வந்தது: "அத பாத்தாச்சு. சோறு சரியில்ல. மறுபடி கூப்ட்டுக்கினேன்."

நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. நிஜமாகவே அனுப்பிப் பார்த்திருப்பாரோ என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம்தான்.

நாங்கள் கடலூர் துறைமுகத்தில் மீன் எடுத்துச் சிதம்பரம் மார்க்கெட்டில் விற்கிறவர்கள். ஏழு பெண்கள். மீன் கூடையைப் பார்த்தால் பஸ்காரர்கள் நிறுத்துவதில்லை. அதனால் ஏழு பேரும் பங்கு போட்டு ஒரு பழைய வேன் வாங்கினோம். பெட்ரோல் வண்டி, பெரிசு, வயதானது. உள்ளே இருந்த சீட்டுகளைக் கழற்றித் தகரம் அடித்துக்கொண்டோம்.

ஓட்டியவர் என் மருமகன். அவர் மீன்பிடிப் போட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவர். வலை இழுக்கிற விஞ்சில் மாட்டி வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது. கயிறு பிடிக்க முடியாத கைக்குக் கடலில் வேலை இல்லை. ஸ்டியரிங் பிடிக்க முடிந்தது. எங்கள் வேன்தான் அவருக்கும் என் மகள் செல்விக்கும் சோறு.

துறைமுகத்திலிருந்து சிதம்பரம் போய்த் திரும்புவதை ஒரு நடை என்போம். ஒரு நடைக்கு ஒன்பது லிட்டர் பெட்ரோல் ஆகும். அது பத்தானது. பதினொன்றானது. பன்னிரண்டுக்கு வந்தபோது ஒருநாள் புதுச்சத்திரம் தாண்டி, டாங்கி காய்ந்து வண்டி நின்றுவிட்டது. கூடையில் ஐஸ் உருகி ஓடுகிறது. வெயில் ஏறுகிறது.

அஞ்சலை அக்கா இறங்கி வந்து முன்பக்கம் நின்றார். எங்கள் ஏழு பேரில் மூத்தவர். வாய்க்கு எதிர் வாய் இல்லை.

"முந்தாநேத்துதானே வாய் வரைக்கும் ரொப்புனோம்? வண்டி குடிச்சுதா, ஆளு குடிச்சானா?"

மருமகன் தலையைத் தூக்கவில்லை. அக்கா விடவில்லை.

"ஒரு ரப்பர் டியூப்பு போதும்டி. வாயில வச்சு உறிஞ்சு கேன்ல வுட்டா முடிஞ்சுபோச்சு. வண்டி ராத்திரி எங்க நிக்குது? இவரு வாசல்லதானே நிக்குது?"

அன்றைக்குச் சாயங்காலம் மருமகன் என்னிடம் மட்டும் சொன்னார்: "நான் எடுக்கல அத்தை." நான் நம்பினேன். ஆனால் மாமியார் நம்புவதற்கு ஊரில் என்ன மதிப்பு? மற்ற ஆறு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். வண்டியைக் காட்டிப் பார்ப்பது. சரியாகாவிட்டால் வேறு டிரைவர்.

இப்படித்தான் அந்த ஷெட்டுக்குப் போனோம்.

முதல் நாள் அவர் பானெட்டைத் திறக்கவே இல்லை. எங்களோடு கூடைகளுக்கு நடுவில் குந்தி ஆலப்பாக்கம் வரை வந்தார். எத்தனை கூடை, எத்தனை ஐஸ் பெட்டி, எங்கெங்கே நிற்போம் என்று கேட்டுக்கொண்டார். ஒரு லிட்டரைப் பாட்டிலில் ஊற்றி ஓட்டிப் பார்த்தால் சீக்கிரம் தெரியுமே என்று மருமகன் சொன்னார். "வெறும் வண்டி ஒரு லிட்டர் ஓடுறது வேற. இவுங்க கூடையோட நின்னு நின்னு போறது வேற. நோவு எங்க வருதோ அங்கதான் பாக்கணும்" என்றார். இறங்கியதும் நாலு சக்கரத்துக்கும் பக்கத்தில் உள்ளங்கையைக் கொண்டுபோனார், ஜுரம் பார்க்கிற மாதிரி. பின்பக்க இடது சக்கரம் மட்டும் அதிகமாகச் சுட்டது. எங்கள் ஐஸ் தண்ணீர், உப்புத் தண்ணீர், அந்தப் பக்கம்தான் ஒழுகும். பிரேக் துருப்பிடித்து, மிதிக்காமலே பிடித்துக்கொண்டிருந்தது.

அதைச் சரி செய்தார். ஒரு நடை போய் வரச் சொன்னார். ஒரே பெட்ரோல் பங்கில், ஒரே குழாயில், சாக்பீஸ் கோடு போட்ட இடத்தில் வண்டியை நிறுத்தி, கழுத்து வரை நிரப்ப வேண்டும். அதுதான் அவர் அளவு. பன்னிரண்டு, பதினொன்றரை ஆனது. ஷெட் சுவரில் எழுதிக்கொண்டார்.

அடுத்து இஞ்சினுக்குக் காற்று வடிகட்டுகிற பில்ட்டரைப் புதிதாக மாட்டினார். ஒரு நடை. பதினொன்றரைதான். உடனே புதியதைக் கழற்றிக் கடைக்கே திருப்பி அனுப்பிவிட்டு, பழையதைத் தட்டி மாட்டிவிட்டார். அஞ்சலை அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது.

"இன்னாய்யா இது, ஒவ்வொண்ணா நோண்டிக்கினு? ஒரே நாள்ல அல்லாத்தையும் மாத்தித் தொலையேன்!"

"அல்லாத்தையும் ஒண்ணா மாத்துனா எது திருடன்னு தெரியாதும்மா" என்றார் அவர்.

அவர் சாமானைத்தான் சொன்னார். ஆனால் திருடன் என்ற சொல் கேட்டதும் என் மருமகன் எழுந்து வெளியே போனதை நான் பார்த்தேன். ஷெட்டுக்காரரும் பார்த்தார். 

பிறகு ஒன்று கேட்டார். "ஒரு நாள் மீன் இல்லாம வண்டியைக் கொண்டாங்க. நல்லா கழுவிட்டு."

காற்று அதிகமாகிப் போட்டுகள் கடலுக்குப் போகாத ஒரு நாள், ஏழு பேரும் புளியும் சுடுதண்ணீரும் போட்டு வேனைத் தேய்த்துக் கழுவினோம். கொண்டுபோய் விட்டோம். அவர் இஞ்சினை ஓடவிட்டு, எங்களை எல்லாம் தூரமாகப் போகச் சொல்லிவிட்டு, உள்ளே தனியாகக் கண்ணை மூடி உட்கார்ந்துகொண்டார். சாமி கும்பிடுகிறவர் மாதிரி இருந்தது. பிறகு என்னைக் கூப்பிட்டார். மற்றவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள், நான்தான் சும்மா நின்றேன் போலிருக்கிறது.

"மோந்து பாரும்மா."

பெட்ரோல் வாடை. மூக்கில் குத்துகிற மாதிரி. எத்தனை மாதமாக அந்த வாடை எங்களோடு பயணம் செய்திருக்கிறது! மீன் வாடையிலேயே இருக்கிற எங்கள் ஒருத்திக்கும் அது தெரியவில்லை. மருமகனும் மீனில் பிறந்தவர்தானே.

அதன் பிறகு ஸ்பானரை எடுத்தார். பெட்ரோலும் காற்றும் கலக்கிற கார்புரேட்டரைத் திறந்தார். உள்ளே ஒரு சின்னக் கிண்ணம். அதில் எலுமிச்சம்பழ அளவுக்குப் பித்தளையில் ஒரு மிதவை. பெட்ரோல் வேண்டிய அளவு வந்ததும் மிதவை மேலே எழும்பி வழியை அடைத்துவிடும் என்றார். வலையில் மிதப்பு கட்டுகிற வீட்டில் பிறந்தவள் நான், அது எனக்குச் சட்டென்று புரிந்தது. மிதவையைக் காதருகே வைத்து ஆட்டினார். உள்ளே தண்ணீர் ஆடுகிற மாதிரி சத்தம். டீக்கடையிலிருந்து ஒரு தூக்கில் கொதிக்கிற தண்ணீர் வாங்கிவரச் செய்து, அடுப்பு இல்லாத இடமாகத் தூரப்போய் உட்கார்ந்து, மிதவையை அதில் அமுக்கினார். ஊசி முனையளவு ஓட்டையிலிருந்து குமிழ் குமிழாக வந்தது. ஓட்டை வழியாகப் பெட்ரோல் ஏறி மிதவை கனத்துப்போய் முழுகியிருக்கிறது. அடைக்க வேண்டிய வழி அடைபடாமல், வேண்டாத பெட்ரோல் இஞ்சினுக்குள் இறங்கிக்கொண்டே இருந்திருக்கிறது. வேறொரு பழைய கார்புரேட்டரிலிருந்து நல்ல மிதவை எடுத்துப் போட்டார்.

ஒரு நடை. ஒன்பது லிட்டர்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஷெட்டுக்காரர் மட்டும், "வர்ற வாரம் கொண்டாங்க, ஓட்டை மிதவையைத் திருப்பிப் போட்டுப் பாக்கணும்" என்றார்.

"நீ போட்டுப் பாப்ப. பெட்ரோலு இன்னா உங்கொப்பன் வூட்டுக் கெணத்துத் தண்ணியா?" என்று சொல்லிவிட்டு அஞ்சலை அக்கா வண்டியில் ஏறிவிட்டார்.

அதோடு முடிந்திருந்தால் நான் எழுத வந்திருக்க மாட்டேன்.

இரண்டு நாள் கழித்து மார்க்கெட்டில் அக்கா மீன் அரிந்துகொண்டே பொதுவாகச் சொன்னார்: "எலுமிச்சம்பழம் அளவு பித்தள. அதுவாடி ரெண்டரை லிட்டரு குடிச்சுது? நாலு பேரு பாக்குறாங்கன்னு தெரிஞ்சதும் எடுக்கிற கை நின்னுபோச்சு. அதான் ஒம்போதுக்கு வந்துடுச்சு. வேற ஆளைப் பாக்குறதுதான் நல்லது."

யாரும் மறுத்துப் பேசவில்லை. எப்படி மறுப்பது? நான் யோசித்துப் பார்த்தேன். திருடுகிறவன் பயந்து நிறுத்தினாலும் ஒன்பதுதான் வரும். மிதவை மாறினாலும் ஒன்பதுதான் வரும். வீட்டில் செல்வி, "கேரளா பக்கம் போட்டுல சமையல் வேலையாவது கெடைக்குமான்னு அவரு கேட்டுக்கினு இருக்காரும்மா" என்றாள். திருடன் என்ற பேரோடு போனால் திரும்ப ஊருக்கு வர மாட்டார் என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் வியாபாரம் முடிந்ததும் யாருக்கும் சொல்லாமல் ஷெட்டுக்குப் போனேன். தனியாக ஆம்பிளையிடம் போய்ப் பேசியவள் இல்லை நான். ரிப்பேருக்கு நின்ற ஒரு லாரிக்குப் பின்னால் வெகுநேரம் நின்றேன். அவர் பார்த்தார், கூப்பிடவில்லை, வேலையைச் செய்துகொண்டிருந்தார். கடைசியில் நானே போய், தரையைப் பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். "நீங்க வந்து ஒரு வார்த்த சொல்லணும்ணே. அவரு திருடலன்னு."

"எனக்குத் தெரியாதேம்மா" என்றார்.

நான் திரும்பி நடக்கப் பார்த்தேன்.

"மிதவையில ஓட்டை. அது தெரியும். ஒங்க மருமவன் எடுத்தாரா எடுக்கலையான்னு எனக்கு எப்பிடித் தெரியும்? ரெண்டும் சேந்துகூட இருக்கலாம். பாத்துடலாம். அந்த வாய்க்காரம்மாவைக் கூட்டியாங்க. சந்தேகப்படுறவங்கதான் பாக்கணும், நீங்க பாத்தா செல்லாது."

அக்காவை எப்படிச் சம்மதிக்க வைத்தேன் என்று கேட்காதீர்கள், அது தனிக் கதை. வந்தார்.

ஷெட்டுக்காரர் வைத்த ஏற்பாடு இது. ஆறு நாள். தினமும் மதியம் வேன் ஷெட்டுக்கு வர வேண்டும். மருமகனை டீ குடிக்க அனுப்பிவிட்டு, கார்புரேட்டரைத் திறந்து மூடுவார். சில நாள் ஓட்டை மிதவை, சில நாள் நல்ல மிதவை. எது என்று எங்களுக்கும் சொல்ல மாட்டார், டிரைவருக்கும் சொல்ல மாட்டார். ஒரு சீட்டில் எழுதி, மடித்து, கோந்து போட்டு ஒட்டி அக்கா கையில் கொடுப்பார். பிறகு அந்தப் பங்கில் கழுத்து வரை நிரப்பிக்கொண்டு கடலூர் போக வேண்டும். வண்டி ராத்திரி வழக்கம்போல மருமகன் வாசலிலேயே நிற்க வேண்டும். மறுநாள் மதியம் மறுபடி நிரப்பும்போது எத்தனை லிட்டர் பிடிக்கிறதோ, அது முந்தின நாள் சீட்டுக்கு உரியது.

"எடுக்குற ஆளுக்கு எந்த நாளு எதுன்னு தெரியாது. அதனால ஓட்டை போட்ட நாளாப் பாத்து எடுக்க முடியாது" என்றார். அக்கா, "வெவகாரமான ஆளுய்யா நீ" என்று சீட்டை வாங்கிச் சுருக்குப் பையில் போட்டார்.

அந்த ஆறு நாளும் எனக்கு ஒரே நினைப்பு. நான் நம்பியது பொய்யாகிவிட்டால்? மருமகனை நான் பார்க்கிறபோதெல்லாம் அவர் விரல் இல்லாத கையைத்தான் பார்த்தேன். ஒருநாள் அந்தக் கையில் பெட்ரோல் வாடை வருகிறதா என்றுகூட முகர்ந்து பார்க்க நினைத்தேன். அவரிடம் அதை இதுவரை சொல்லவில்லை.

ஏழாம் நாள் மதியம் ஷெட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் கூடினோம். ஷெட்டுக்காரர் வரவில்லை. ஒரு காருக்கு அடியில் படுத்துவிட்டார். எங்களில் எழுத்து தெரிந்தவள் நான் ஒருத்திதான். அதனால் சீட்டை நான் படிக்க வேண்டியதாயிற்று.  அக்காவுக்கு எழுதத் தெரியாது. ஆனால் மீன் கணக்கைப் போல ஆறு நாள் லிட்டரும் அவர் மனதில் வரிசையாக இருந்தது.

முதல் சீட்டைப் பிரித்தேன். "நல்லது."

"ஒம்போது" என்றார் அக்கா.

"ஓட்டை."

"பன்னெண்டுக்குக் கொஞ்சம் கொறைய."

"ஓட்டை."

"பதினொண்ணரை."

நாலாவது சீட்டைப் பிரித்தேன். "நல்லது."

அக்கா மெதுவாக, "பத்தரை" என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மருமகன் தூரத்தில் வேன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். நல்ல மிதவை போட்ட நாளில் ஒன்றரை லிட்டர் எங்கே போயிற்று?  

"இருங்கடி" என்றார் அஞ்சலை அக்கா. கண்ணைச் சுருக்கி யோசித்தார். "மறுநா காலையில தேரு இல்ல? வீதியெல்லாம் ஜனம். மார்க்கெட்டுக்குள்ள நொழைய முடியாம வண்டி எம்மாம் நேரம் உருட்டிக்கினு நின்னுது? இஞ்சினு ஓடிக்கினேதானே இருந்துச்சு? நான்தானே முன்னால ஒக்காந்து தேரைக் கும்பிட்டேன். ஐஸ் பொட்டி வேற ரெண்டு ஜாஸ்தி, கூட்டத்துக்கு விக்கும்னு. அது அவன் எடுத்தது இல்ல. தேரு எடுத்துது. படிடி அடுத்தத."

"நல்லது."

"ஒம்போது."

"ஓட்டை."

"பதினொண்ணரை" என்றார் அக்கா. ஆறு சீட்டையும் என் கையிலிருந்து வாங்கி ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, தன் பையிலேயே போட்டுக்கொண்டார்.

அவர் மன்னிப்புக் கேட்கிற ஜாதி இல்லை. அன்றைக்கு ஊர் திரும்பியதும் நேரே என் மகள் வீட்டுக்குப் போனார். நானும் பின்னாலேயே ஓடினேன். நிலைப்படியைத் தாண்டி உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்து, "செல்வி, சோறு போடுடி. மாப்ள, நீயும் ஒக்காரு, ஆறிப்போவுது" என்றார். அதுவரை அந்த வீட்டில் அவர் கை நனைத்ததில்லை. மருமகன் உட்கார்ந்தார். இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார்கள். வண்டியை அதன் பிறகும் மருமகன்தான் ஓட்டினார்.

கொஞ்ச நாள் கழித்து நான் கொடுவா மீன் ஒன்று எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன். அவர் மனைவியிடம் கொடுத்தேன். அவரிடம், "எங்க வூட்ட காப்பாத்துனீங்கண்ணே. எங்க பக்கம் நின்னீங்க" என்றேன். அவ்வளவு நீளமாக நான் யாரிடமும் பேசியதில்லை.

அவர் நூல் கட்டிய கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் யார் பக்கமும் நிக்கலம்மா" என்றார். "நல்லது போட்ட நாள்லயும் பதினொண்ணரை வந்திருந்தா, ஒங்க மருமவன்தான் எடுக்குறாருன்னு நானே வந்து ஒங்ககிட்டச் சொல்லியிருப்பேன்."

திரும்பி வருகிற வழியெல்லாம் எனக்கு உடம்பு சில்லிட்டது. பயமா என்று கேட்டால் பயம் இல்லை. கடல் நடுவில் வெறும் தண்ணீரைப் பார்க்கிற மாதிரி ஒன்று. வேண்டியவர்கள் வேண்டாதவர்கள் என்று பார்த்தே பேசிப் பழகிய எங்களுக்கு நடுவில், அப்படி ஒரு மனிதர் டீ குடித்துக்கொண்டு, முட்டி வலியோடு, சிதம்பரத்தில் இருக்கிறார்.

நான் எழுதியதில் பிழை இருக்கும். ஆறு நாளா ஏழு நாளா, ‘ஓட்டை’ வந்தது மூன்று சீட்டா நாலா, பில்ட்டருக்கு முன்னால் வேறு ஏதாவது பார்த்தாரா, மிதவை பித்தளைதானா, எனக்கு உறுதியில்லை. வண்டி தெரிந்தவர்கள் யாராவது அந்தப் பக்கம் போனால் இதை அவரிடம் படித்துக் காட்டி, தவறு இருந்தால் திருத்திவிடுங்கள். எனக்குப் போய்க் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. ஒன்றை மட்டும் மாற்ற வேண்டாம். என் மருமகனுக்காக அவர் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.